அமீபாவின் நிறம் என்ன?

ஒரு தவறை ஒப்புக்கொண்டு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். தவறு செய்தது மாணவர் அல்லர். ஆசிரியராக இருந்த நான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் ‘அமீபாவைப் பற்றிச் சிறு குறிப்பு வரைக’ என்று ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். ஒரு மாணவி, ‘அமீபா இளஞ்சிவப்பு நிறமுடையது. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி இருக்கும். அது அசையாது’ என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். விடைத்தாள் கொடுத்த அன்று அவள் மேசையருகே வந்து நின்றாள்.

“சார், லேப்ல நீங்க காட்டினப்ப ரோஸ் கலர்லதானே இருந்துச்சு? அசையவும் இல்லையே சார்?”

என்னிடம் பதில் இல்லை. அவள் புத்தகத்தைப் படிக்காமல் வந்தது உண்மைதான். ஆனால் தன் கண்ணால் கண்டதை ஒளிக்காமல் எழுதியிருந்தாள். அறிவியல் கேட்பது அதைத்தானே? ஆய்வகத்தில் எதையும் சரியாகப் பாராமல், புத்தகத்தில் இருந்ததை மனப்பாடம் செய்து எழுதிய மற்றவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. கண்டதை எழுதியவளுக்குக் கிடைக்கவில்லை. இது என் மனத்தை வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அன்று முதல் நான் சொல்லி வரும் கருத்து ஒன்றுதான். நுண்ணோக்கியில் ஒரு மாணவர் முதன்முதலாகக் காண்பது உயிருள்ளதாக இருக்க வேண்டும். ஈரமுள்ளதாக இருக்க வேண்டும். சாயம் ஏற்றிய ஸ்லைடு அதன் பிறகு வரட்டும்.

ஸ்லைடில் இருப்பது என்ன?

ஆய்வகப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் நிலையான ஸ்லைடுகள் எப்படிச் செய்யப்படுகின்றன, தெரியுமா? முதலில் உயிரியை ஃபார்மலின் போன்ற ஒரு திரவத்தில் இட்டு, உருக்குலையாதபடி கொல்லுகிறார்கள். பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். நீர்த்த ஆல்கஹாலில் தொடங்கி, படிப்படியாகத் தூய ஆல்கஹால் வரை முக்கி எடுத்து, உள்ளிருக்கும் நீரை அகற்றுகிறார்கள். சைலீனில் இட்டுத் தெளிவாக்குகிறார்கள். கடைசியாகப் பிசின் இட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடியை, அதாவது கவர் ஸ்லிப்பை ஒட்டுகிறார்கள்.

இவ்வளவும் முடிந்தபின் அதில் ஒரு சொட்டு நீர்கூட இராது. உயிருள்ள செல்லிலோ சுமார் 70 சதவீதம் நீர். அப்படியானால் ஸ்லைடில் நாம் காண்பது செல்லா, செல்லின் சாயமிட்ட எலும்புக்கூடா? எலும்புக்கூட்டைப் பார்த்தும் மனித உடலைப் பற்றி நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மனிதரையே கண்டிராத ஒருவருக்கு எலும்புக்கூட்டை மட்டும் காட்டி, ‘இவர்தான் மனிதர்’ என்று சொல்லலாமா?

பாரமீசியத்தின் உடலில் ‘சுருங்கும் நுண்குமிழ்’ என்று இரண்டு உறுப்புகளைக் குறித்துப் படம் வரைகிறீர்கள். உள்ளே புகும் மிகுதி நீரைச் சேர்த்து வெளியே தள்ளுவது அதன் வேலை. உயிருள்ள பாரமீசியத்தில் அது விரிந்து விரிந்து சுருங்குவதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணலாம். ஸ்லைடில் அது ஒரு வெறும் வட்டம். சுருங்காத ஒன்றைக் காட்டி, அதன் பெயர் ‘சுருங்கும்’ குமிழ் என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம்!

ஒரு சொல் பிறந்த கதை

‘செல்’ என்ற சொல்லே உயிரற்ற ஒரு பொருளிலிருந்துதான் பிறந்தது. 1665-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு போன்ற சிறுசிறு அறைகள் தெரிந்தன. சிறிய அறை என்று பொருள்படும் சொல்லை அவற்றுக்குப் பெயராக வைத்தார். அவர் கண்டவை உயிர் நீங்கிய செல்களின் சுவர்கள். உள்ளே குடியிருந்தவர் போன பிறகு எஞ்சிய வீடுகள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1674-ம் ஆண்டில், ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக் ஓர் ஏரியின் நீரை எடுத்துப் பார்த்தார். அவருடைய கருவியில் இருந்தது தாமே தேய்த்துச் செய்த ஒரே ஒரு சிறிய லென்ஸ். ஆனால் அவர் பார்த்தது உயிரற்ற தக்கையை அன்று. ஈரமான, உயிருள்ள நீர்த்துளியை. அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் ஓடித் திரிந்தன. மழைநீரிலும் மிளகு ஊறிய நீரிலும் கண்டவற்றையும் சேர்த்து 1676-ம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு விரிவாக எழுதினார். அங்கிருந்தவர்களால் எளிதில் நம்ப முடியவில்லை. தம் நகரப் பெரியவர்கள் எட்டுப் பேரிடம் ‘நாங்களும் கண்டோம்’ என்று சாட்சி எழுதி வாங்கி அனுப்பினார் லீவன்ஹூக். 1677 நவம்பரில் அதே ராபர்ட் ஹூக் அந்தச் சோதனையைச் செய்துகாட்டிய பிறகுதான் ஐயம் தீர்ந்தது.

தக்கை நமக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. நீர்த்துளி நமக்கு ஓர் உலகத்தையே கொடுத்தது.

காய்ந்திருந்தால் தெரிந்திராது

‘ஓடுவதைப் பார்ப்பது வெறும் வேடிக்கைதானே? அதனால் அறிவியலுக்கு என்ன பயன்?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு மலேரியாவின் கதையைச் சொல்வேன்.

அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் ஃபிரெஞ்சு ராணுவ மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் லாவெரான் 1880-ம் ஆண்டு நவம்பர் 6-ம் நாள், காய்ச்சல் கண்ட ஒரு படைவீரரின் ரத்தத்தில் ஒரு துளியை எடுத்து, சாயம் எதுவும் சேர்க்காமல், ஈரம் காயாமல் நுண்ணோக்கியில் வைத்தார். கரும்புள்ளிகள் கொண்ட உருண்டைகள் தெரிந்தன. அவை சிதைந்த ரத்தச் செல்களோ என்று யாரும் ஐயுறலாம். ஆனால் சில உருண்டைகளின் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டு, சாட்டை போல் சுழன்றன. அருகிலிருந்த சிவப்பணுக்களை அவை தள்ளிவிட்டன! சிதைந்துபோன பொருள் இப்படிச் சாட்டை வீசுமா? ஓர் உயிரி ரத்தத்தில் குடியிருக்கிறது என்பதை அந்த அசைவே அவருக்கு உணர்த்தியது. 1907-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் காட்சியின் உண்மையான பொருள் பிறகுதான் விளங்கியது. மனித உடலுக்குள் இருக்கும்வரை அந்த இழைகள் வெளிவருவதில்லை. கொசு ரத்தத்தை உறிஞ்சியபின், அதன் வயிற்றில் வெப்பம் குறைந்து சூழ்நிலை மாறும்போதுதான் வெளிவருகின்றன. கண்ணாடிமேல் வைத்த ஈரத்துளியும் அப்படியே குளிர்கிறது. அதனால் சில நிமிடங்களில் அதே நிகழ்ச்சி அங்கும் நடந்தது. 1897-ம் ஆண்டில் மெக்கல்லம் என்ற மருத்துவ மாணவர், மலேரியாக் கிருமிக்கு உறவான ஓர் ஒட்டுண்ணியைக் காகத்தின் புதிய ரத்தத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தகைய ஓர் இழை பிரிந்து சென்று மற்றோர் உருண்டைக்குள் புகுவதைக் கண்டார். அந்த இழை ஆண் செல். உருண்டை பெண் செல். நடந்தது கருவுறுதல்!

எண்ணிப் பாருங்கள். ரத்தத்தை எடுத்தவுடன் கண்ணாடியில் தடவி உலர்த்திவிட்டால் இந்த நிகழ்ச்சி நடப்பதற்கே நேரமில்லை. நடக்காத ஒன்றை எந்தச் சாயத்தாலும் காட்ட முடியாது.

சாயத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும்

ஒரு பக்கத்தை மட்டும் பேசினால் அது நியாயமாகாது. 1882-ம் ஆண்டு மார்ச் 24-ம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோச், காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதைக் காண உதவியது சாயம்தான். நோயுற்ற திசுவுக்குள் ஒளிந்திருக்கும் அந்த மெல்லிய குச்சிகளுக்கு நிறமில்லை. அவை ஓடுவதும் இல்லை. சாயம் பிடித்து நின்றபோதுதான் அவை பிடிபட்டன. இன்றும் சளியைச் சாயமிட்டுச் சோதிக்கும் முறை காசநோயைக் கண்டறியப் பயன்படுகிறது.

ஆகவே, சாயம் நம் பகை அன்று. உயிருள்ள துளி ‘என்ன நடக்கிறது?’ என்பதைக் காட்டுகிறது. சாயமிட்ட ஸ்லைடு ‘எது எங்கே இருக்கிறது?’ என்பதைக் காட்டுகிறது. இரண்டும் வேண்டும். நான் வருந்துவது, நம் வகுப்பறைகளில் இரண்டாவது கேள்வி மட்டும் தங்கிவிட்டு, முதல் கேள்வி காணாமல் போய்விட்டதைப் பற்றித்தான்.

செத்த செல் சொன்ன பொய்

செத்த செல்லை மட்டும் நம்பினால் அறிஞர்களும் ஏமாறலாம். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் காற்றில்லாத வெற்றிடம் இருக்கும். ஈரமான பொருளை அப்படியே வைத்தால் நீர் ஆவியாகி உருவே சிதைந்துவிடும். ஆகவே, செல்லை மருந்திட்டுக் கொன்று, நீர் நீக்கி, பிசினில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி வைப்பது வழக்கமாயிற்று. 1950-களிலும் 1960-களிலும் இப்படி எடுத்த பாக்டீரியாப் படங்களில், செல் சவ்வு உட்புறமாக மடிந்து சுருண்டது போன்ற ஓர் அமைப்பு தெரிந்தது. அதற்கு ‘மீசோசோம்’ என்று பெயரிட்டார்கள். செல் பிரிவதற்கு அது உதவுகிறது, சுவாசத்துக்கு உதவுகிறது என்றெல்லாம் வேலைகளும் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

பிறகு 1970-களிலும் 1980-களிலும், மருந்திட்டுக் கொல்லாமல், பாக்டீரியாவை நொடிக்கும் குறைந்த நேரத்தில் உறையவைத்துப் பார்த்தார்கள். மீசோசோம் காணவில்லை! கொல்லும் மருந்தே சவ்வை அப்படிச் சுருட்டிவிட்டிருக்கிறது என்பது தெளிவாயிற்று. இல்லாத உறுப்பு ஒன்று பல ஆண்டுகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வாழ்ந்துவிட்டது. பாடநூல்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. இந்தப் பெயரை நீங்களும் எங்காவது படித்தால், ‘எப்படிப் பார்த்தார்கள்?’ என்ற கேள்வியையும் கூடவே கேளுங்கள். எதைப் பார்த்தோம் என்பதைப் போலவே, அதற்கு என்ன செய்துவிட்டுப் பார்த்தோம் என்பதும் முக்கியம்.

தாமதத்தை வெளிச்சமாக்கிய மனிதர்

‘உயிருள்ள செல் கண்ணாடி போல இருக்கிறதே! சாயமில்லாமல் எதைப் பார்ப்பது?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இயற்பியலறிஞர்களைச் சிந்திக்க வைத்த கேள்வியும் இதுதான்.

வரப்பின்மேல் ஒருவரும், நீர் நிறைந்த வயலுக்குள் ஒருவருமாக இரண்டு பேர் ஒரே வேகத்தில் நடக்கத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் இறங்கியவர் சற்றுத் தாமதமாக அக்கரை சேருவார். ஆனால் ஆள் குறைந்துவிட மாட்டார். உயிருள்ள செல்லுக்குள் புகுந்துவரும் ஒளியும் அப்படித்தான். சுற்றியுள்ள நீரின் வழியாக வந்த ஒளியைவிட ஒரு சிறிது பின்தங்குகிறது; ஆனால் மங்குவதில்லை. நம் கண்ணுக்கு வெளிச்சமும் நிறமும் தெரியும், தாமதம் தெரியாது. அதனால்தான் செல்லின் உள்ளமைப்பு நமக்குப் புலப்படுவதில்லை.

ஹாலந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃப்ரிட்ஸ் செர்னிகெ இதற்கு 1930-களில் வழி கண்டார். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியையும், நேரே வரும் ஒளியையும் லென்ஸுக்குப் பின்னால் தனியாக்கி, நேரே வரும் ஒளியை மட்டும் ஒரு வளையத் தகட்டின் வழியே கால் அலை அளவுக்கு மாற்றிவிட்டார். பிறகு இரண்டும் சேரும்போது, தாமதம் இருந்த இடங்கள் கருமையாகத் தெரிந்தன. சாயம் ஏற்றாமல், கொல்லாமல், செல்லின் உட்பகுதி கண்ணுக்குத் தெரிந்தது! 1932-ம் ஆண்டில் இதை ஜெர்மனியின் ஜெனா நகரத்து சைஸ் தொழிற்சாலையில் செய்துகாட்டினார். எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. இதில் பயன் இருந்திருந்தால் தாங்களே முன்பே கண்டுபிடித்திருப்போம் என்று அங்கிருந்த ஒரு மூத்தவர் சொன்னதாக, பின்னாளில் நோபல் உரையில் செர்னிகெ நினைவுகூர்ந்தார். ஆனால் 1943-ம் ஆண்டில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த கர்ட் மிஷல் என்பவர், இந்த முறையைக் கொண்டு உயிருள்ள வெட்டுக்கிளிச் செல்கள் பிரிவதைத் திரைப்படமாகவே எடுத்தார். செர்னிகெ 1953-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

அதன்பின் வழிகள் பெருகின. ஒருவகை ஜெல்லி மீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தை 1962-ம் ஆண்டில் ஷிமோமுரா பிரித்தெடுத்தார். 1994-ம் ஆண்டில் மார்ட்டின் சால்ஃபி அதற்கான மரபணுவை ஒரு சிறு புழுவின் உடலில் வைத்து, உயிருடன் இருக்கும்போதே அதன் நரம்புச் செல்களை ஒளிரச் செய்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் நீருடன் சமாதானம் செய்துகொண்டது. பனிப்படிகம் உண்டாக நேரம் கொடுக்காமல் நீரை அதிவேகமாகக் குளிரவைத்து, கண்ணாடி போல் உறையச் செய்யும் முறையை 1980-களில் ஜாக் டுபோஷே வகுத்தார். அந்த முறையில் உயிர் இல்லை. ஆனால் நீர் வெளியேறவில்லை, உருவம் குலையவில்லை. 2017-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

இவ்வளவு வந்த பிறகும் ஒரு தொல்லை நீங்கவில்லை. வலிமையான ஒளியை நெடுநேரம் பாய்ச்சினால் உயிருள்ள செல் கேடடையும், சாகவும் கூடும். பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. எந்த முறையானாலும் அந்த விலை என்னவென்று அறிந்து பார்ப்பவரே நல்ல ஆராய்ச்சியாளர்.

நம் பள்ளியில் முடியுமா?

தாராளமாக முடியும். செர்னிகெயின் கருவி வேண்டியதில்லை. பள்ளியில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே போதும்.

குளத்து நீரில் கொஞ்சமும், அடியில் கிடக்கும் அழுகிய இலை ஒன்றும் ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். குளத்துக்குத் தனியாகப் போக வேண்டாம். பெரியவர் ஒருவர் உடன் வரட்டும். வைக்கோலை நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, இரண்டு நாள் கழித்து அதில் இந்தக் குளத்து நீரைச் சிறிது ஊற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் பெரும்பாலும் பாரமீசியம் பெருகியிருக்கும். பாட்டிலின் வாயை மெல்லிய துணியால் கட்ட மறவாதீர்கள். இல்லாவிட்டால் டெங்குவைப் பரப்பும் கொசு அதில் முட்டையிட்டுவிடும்!

ஸ்லைடில் ஒரு துளி நீரை வையுங்கள். பஞ்சிலிருந்து நாலைந்து இழைகளைப் பிரித்து அதில் போடுங்கள். ஓடும் பாரமீசியத்துக்கு அவை வேலி போல நின்று தடுக்கும். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பு படும்படி சாய்வாக வைத்து மெல்ல இறக்கினால் காற்றுக்குமிழி சேராது. நீர் காய்ந்துகொண்டே வந்தால் ஓரத்தில் இன்னொரு சொட்டு விடுங்கள். நெடுநேரம் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் வாசலின் தடவி அடைத்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளிச்சம். வெளிச்சம் அதிகமானால் நன்றாகத் தெரியும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உயிருள்ள செல்லைப் பொறுத்தவரை அது தவறு. மேடைக்கு அடியிலுள்ள திறப்பைப் பாதிக்குமேல் குறுக்கிப் பாருங்கள். கண்ணாடி போன்ற உயிரிக்கு விளிம்பும் உருவமும் தோன்றிவிடும். அடியில் கண்டென்சர் லென்ஸ் உள்ள நுண்ணோக்கியானால், அதன் கீழே நடுவில் வட்டமான கறுப்புக் காகிதம் ஒன்றைப் பொருத்துங்கள். நேரொளி மறைந்து, ஓரத்து ஒளி மட்டும் சாய்வாக வரும். குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், கரிய வானத்தில் விண்மீன்கள் போல உயிரிகள் பளிச்சிடும். வெறும் கண்ணாடி மட்டும் உள்ள கருவியானால் அதைச் சற்றே சாய்த்து ஒளியைப் பக்கவாட்டில் அனுப்பினாலும் வேறுபாடு தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடியைச் சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

குளமே அருகில் இல்லையா? மீன் தொட்டியில் வளர்க்கும் ஹைட்ரில்லாச் செடியின் ஓர் இலையை நீரோடு வைத்துப் பாருங்கள். இரண்டே செல் கனமுள்ள இலை அது, சீவ வேண்டியதில்லை. சற்று நேரம் வெளிச்சத்தில் வைத்தபின், நடுநரம்பை ஒட்டிய செல்களில் பசுங்கணிகங்கள் வரிசையாகச் சுற்றிவருவதைக் காண்பீர்கள். செல்லினுள் சைட்டோபிளாசம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அதன்பின் யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு முன்னெச்சரிக்கை. அசைவதெல்லாம் உயிரன்று. மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துள்ளுவதை 1827-ம் ஆண்டில் ராபர்ட் பிரவுன் கண்டார். உயிரின் துடிப்போ என்று ஐயுற்று, கண்ணாடித் தூளையும் கல் தூளையும் நீரில் இட்டுப் பார்த்தார். அவையும் துள்ளின! நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் அசைவு அது. நீங்களும் உங்கள் துளியில் இருந்த இடத்திலேயே நடுங்கும் துகளையும், வழி தேடி நீந்தும் உயிரியையும் வேறுபடுத்திப் பழகுங்கள்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ரத்தத்தை எடுத்துச் சோதிக்கும் வேலை பள்ளியில் வேண்டாம்.

ஆசிரியர்கள் சொல்லும் காரணங்கள்

என் சக ஆசிரியர்கள் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். ‘முக்கால் மணி நேர வகுப்பு. நாற்பது பிள்ளைகள். நுண்ணோக்கியோ இரண்டு. வரிசையில் கடைசிப் பிள்ளை வருவதற்குள் பாரமீசியம் ஓடிவிடும். நிலையான ஸ்லைடானால் எல்லோருக்கும் ஒரே காட்சி. தேர்வுக்கும் அதுதானே வருகிறது?’

இதில் உண்மை உண்டு. ஆனால் நாற்பது பேரும் ஒரே காட்சியைக் காண வேண்டும் என்பது தேர்வின் தேவை. அறிவியலின் தேவை அன்று. ஒருவர் கண்டதை மற்றவர் காணாதபோதுதான் ‘எங்கே, காட்டு’ என்ற கேள்வி பிறக்கிறது. லீவன்ஹூக் எட்டுப் பேரிடம் சாட்சி வாங்கியதும் அதனால்தான். இன்றைக்கு ஆசிரியரின் கைபேசியைக் கண்ணருகு லென்ஸின்மேல் பிடித்தால், ஓடுவதை வகுப்பு முழுவதற்கும் காட்டலாம். கருவி குறைவு என்ற குறைக்கும் விடை வந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய குழுவினரும், ஒரு டாலருக்கும் குறைந்த பொருட்செலவில் செய்யக்கூடிய, காகிதத்தை மடித்து உருவாக்கும் நுண்ணோக்கியை 2014-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். லீவன்ஹூக்கின் கருவியைப் போலவே அதிலும் ஒரே ஒரு சிறு லென்ஸ்தான்!

மூன்று கோரிக்கைகள்

என் கருத்தை மூன்று கோரிக்கைகளாகச் சுருக்குகிறேன்.

முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் நுண்ணோக்கியை எடுக்கும் முதல் வகுப்பு ஓர் உயிருள்ள நீர்த்துளியோடு தொடங்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு நிலையான ஸ்லைடின் சீட்டிலும் பெயரோடு கூட, ‘கொன்று, நீர் நீக்கி, இன்ன சாயம் ஏற்றியது’ என்று ஒரு வரி எழுதப்படட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் மாணவி ஏமாந்திருக்க மாட்டாள்.

மூன்றாவது, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்த படத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று ஆகட்டும். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் நேரத்தைக் குறித்து, இரண்டு நிமிடம் கழித்து உருவம் எப்படி மாறியது என்று இன்னொரு படம் வரைந்திருந்தால், அது புத்தகத்தைப் பார்த்து வரைந்த பத்து அழகிய படங்களுக்கு மேலானது.

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுவாரமே ஊர்க் குளத்திலிருந்து நீர் கொண்டுவந்தோம். பாரமீசியம் அகப்பட்டது; அமீபா அகப்படவில்லை. அவளும் விடவில்லை. மூன்றாவது வாரம், அழுகிய இலையின் அடியில் சுரண்டி எடுத்த கசடில் ஒன்று தென்பட்டது. முதலில் அசையாத மாசு போலத்தான் இருந்தது. சில நிமிடங்கள் பொறுத்தபின் ஒரு பக்கம் மெல்ல வழிந்து நீண்டது. பிறகு உள்ளிருந்த துகள்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடின. அவள் கண்ணை எடுக்காமலே கத்தினாள்: “சார், இதுக்குக் கலரே இல்ல சார்! உள்ள ஓடுறது தெரியுது!”

அன்று மாலையே அவளுடைய விடைத்தாளை வாங்கி, குறைத்த மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டேன். தலைமையாசிரியர் காரணம் கேட்டபோது, ‘கேள்வித்தாள் சரி, விடையும் சரி, ஸ்லைடுதான் தவறு’ என்றேன்.

நண்பர்களே! அமீபாவின் நிறம் என்ன என்று உங்களை யாராவது கேட்டால், இந்தக் கட்டுரையில் படித்ததை மட்டும் வைத்துப் பதில் சொல்லாதீர்கள். ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். பொறுமையாகத் தேடுங்கள். நீங்களே பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.